அத்தை சொன்ன கெபி

திருத்தணியில் வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனால் எதிரே மலையும் கோபுரமும் தெரியும். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டே ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குவேன். "மலை மேலேயே குடியிருக்கிறாயா? கொடுத்து வைத்தவள்!" என்று வெளியூர்ச் சிநேகிதிகள் சொல்வதுண்டு. கோயில்தான் மலை மேல். நாங்கள் எல்லோரும் அடிவாரத்துக்காரர்கள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, 365. டிசம்பர் 31 ராத்திரி ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுகிற படித் திருவிழா பிரசித்தம். ஊரே படியில் இருக்கும். நான் மட்டும் வந்திருக்கும் இருபது பேருக்கு இட்லி ஊற்றிக்கொண்டு அடுப்படியில் இருப்பேன்!

இப்படித் தினமும் மலை முகத்தில் விழிக்கிற நான், மலை பார்க்கவென்று ஒரு பிரயாணம் போய் வந்தேன். அதற்குக் காரணம் என் பெண் அனுப்பிய நாலு படங்கள்.

மாப்பிள்ளைக்கு இத்தாலியில் வேலை. சென்ற வருஷம் லீவு கிடைத்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நாட்டின் தென்பகுதியில் இருக்கும் மாத்தேரா என்ற ஊருக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து போனில் படங்கள் வந்தன. ஒரு பெரிய பள்ளத்தாக்கின் சரிவில், கொலுப்படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக வீடுகள். முன்பக்கம் சுவரும் கதவும் ஜன்னலும் இருக்கிறது. உள்ளே போனால் அறை முழுவதும் மலையைக் குடைந்தது! ஒரு வீட்டுக் கூரையின் மேல் அடுத்த வீட்டுக்காரர்களின் தெரு. அந்த மலைக் குகைக் குடியிருப்புகளுக்குச் 'சஸ்ஸி' என்று பெயராம். கற்கள் என்று அர்த்தம். "அம்மா, இந்த மாதிரி நம்ம ஊர்ப் பக்கம் எங்கே இருக்கு?" என்று பெருமையாக எழுதியிருந்தாள்.

படத்தை என் மாமியாரிடம் காட்டினேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இன்னா பெரிய அதிசயம்? எங்க ஊர் மலையிலயும் இருக்குதே கெபி. மழை வந்தா ஆடுங்கள ஓட்டிக்கினு அதுக்குள்ளதான் போயிடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே சமையலறையில் இருபத்தாறு வருஷம் இருவரும் காய் நறுக்கியிருக்கிறோம். அத்தையின் பிறந்த ஊர் பூண்டி ஏரிக்கு அப்பால் ஒரு சிற்றூர் என்று தெரியும். அங்கே குகை இருப்பதையோ, அத்தை ஆடு மேய்த்ததையோ யாரும் சொன்னதில்லை. "ஏன் அத்தே சொல்லவே இல்லை?" என்றேன். "நீ கேட்டியா?" என்றார். நியாயம்தானே!

என் கணவர் தாம் பங்குக்கு விசாரித்துக்கொண்டு வந்தார். அத்தை சொன்ன கெபிதான் குடியம் குகை. படித்தவர்கள் உலகத்தில் அதற்குப் பெரிய பேர் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் அல்லிக்குழி மலைத்தொடரில் இப்படி 16 குகைகள் இருப்பதாகக் கணக்கு. 1962-க்கும் 1964-க்கும் நடுவில் மத்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த கே.டி. பானர்ஜி என்பவர் தலைமையில் அங்கே தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆதி மனிதர்களின் கற்கருவிகள் கிடைத்தனவாம்.

இதை அவர் உரக்கப் படித்ததும் அத்தை, "ஆமா, கூடாரம் போட்டுக்கினு வந்தாங்களே! எங்க அண்ணன் அங்கதான் கூலிக்குப் போச்சு. மண்ணைத் தோண்டி, நாம அரிசி சலிக்கிற மாதிரி சலிச்சாங்க. தங்கம் தேடறாங்கன்னு ஊரே சொல்லிச்சு. கடைசியில பார்த்தா கல்லை மூட்டை கட்டிக்கினு போனாங்க" என்று சிரித்தார். அப்போது அத்தைக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். 1964-ல் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்துவிட்டார். ஆந்திராவோடு இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அத்தை வந்தபோது வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு. அந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ளவும், மூன்று பிள்ளைகளை வளர்க்கவும், மாமனாரைப் பார்த்துக்கொள்ளவுமே காலம் சரியாகப் போய்விட்டது. அறுபது வருஷத்தில் ஒருமுறைகூட அந்த மலைப் பக்கம் போகவில்லை.

"போகணும்னு தோணலையா அத்தே?"

"அங்க போய் இன்னா பண்றது? ஆடா இருக்குது மேய்க்க?" என்று சொல்லிவிட்டார். ஆனால் அன்று ராத்திரி தூங்காமல் அந்த மலையையே பேசிக்கொண்டிருந்தார்.

தை மாதம் பெண்ணும் மாப்பிள்ளையும் பேரனோடு வந்தார்கள். போயே தீருவது என்று முடிவாயிற்று. குகைக்குக் காட்டு வழியில் நடக்கவேண்டும், அத்தையால் ஆகாது. ஊர் வரை காரில் அழைத்துப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போவதாக ஏற்பாடு.

எனக்கே முழங்கால் வலி உண்டு. ஆகையால் மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே தினம் விடியற்காலை கோயில் படி ஏறிப் பழகினேன். முதல் நாள் அறுபதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்தடுத்த நாட்களில் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் உச்சிக்கே போய்த் தரிசனம் செய்துவிட்டு வந்தேன். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். முழங்காலைப் பிடிப்பது இறங்கும்போதுதான். மெதுவாக, பக்கவாட்டில் கைப்பிடித்து இறங்கவேண்டும். நாற்பதைத் தாண்டிய சகோதரிகள் எந்த மலைக்குப் போவதானாலும் இப்படிச் சில நாள் பழகிக்கொண்டு போங்கள். வலி வீக்கமாக மாறினால் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறினேன். நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, தயிர் சாதம் வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெயிலில் புளித்துவிடும். வெள்ளரிக்காய், ஆரஞ்சு, பொரிகடலை உருண்டை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நாம் பெண்கள் பிரயாணம் என்றால் வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் போகிறோம். அப்புறம் நீர்க்கடுப்பு வந்து நாலு நாள் அவஸ்தைப்படுகிறோம். உறவுக்காரர் வீடோ, நல்ல ஓட்டலோ எங்கே வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள்.

திருவள்ளூர் வழியாகப் பூண்டி போய்ச் சேர்ந்தோம். கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944-ல் கட்டிய நீர்த்தேக்கம், சத்தியமூர்த்தி அவர்களின் பெயரைத் தாங்கியது. சென்னைவாசிகள் குடிக்கிற தண்ணீரில் இதற்கும் பங்கு உண்டு. அங்கேயே தமிழ்நாடு தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. 1985-ல் ஏற்பட்டது. பள்ளிக்கூட வகுப்பறை போலச் சாதாரணமாக இருக்கிறதே என்று நினைத்து உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டியில் கற்கள். மாங்காய் அளவில், ஒரு பக்கம் கைக்கு அடக்கமாகவும் மறு பக்கம் கூராகவும் செதுக்கிய கைக்கோடாரிகள். கிழங்கு தோண்ட, தோல் உரிக்க, எலும்பை உடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே கருவி. நம்முடைய அரிவாள்மணை, அம்மிக் குழவி எல்லாவற்றுக்கும் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நில ஆராய்ச்சியாளர் பல்லாவரத்தில் இப்படி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பிறகு அதே வருஷம் பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தது. இந்தியாவில் ஆதி மனிதன் வாழ்ந்ததற்கு முதல் அத்தாட்சி அதுதான். அந்த அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் முறையாகத் தோண்டி ஆராய்ந்தவர் ஒரு பெண்மணி, சாந்தி பப்பு. அங்கே கிடைத்த கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று அவருடைய குழு 2011-ல் வெளியிட்டது. என் பெண் அதை இரண்டு தடவை படித்தாள். "அம்மா, மாத்தேரா ரொம்பப் பழைய ஊர்னு எழுதினேனே..." என்று இழுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை!

அத்தையின் ஊரில் அவருடைய அண்ணன் மருமகள் எங்களுக்கு மோர் கொடுத்தார். அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அத்தை திண்ணையில் உட்கார்ந்தார். எதிரே வேலிக்கு அப்பால் மலை தெரிந்தது. சின்ன மலைதான். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரனை அவர் மடியில் விட்டு, மாப்பிள்ளையைத் துணைக்கு வைத்துவிட்டு, அண்ணன் பேரனை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம்.

ஒன்றேகால் மணி நேர நடை. காரைப் புதர், களா, கள்ளி, ஈச்சங்கன்று. செருப்பு போட்டு வந்த என் கணவரின் காலில் இரண்டு முள். கான்வாஸ் ஷூ போட்டிருந்த எனக்கு ஒன்றுமில்லை. புடவைக்கு ஷூவா என்று காலையில் சிரித்தவர் அவர்தான்! வழி நெடுகக் கூழாங்கற்கள். அது எங்கிருந்து வந்தது என்று மலைக்கு அருகில் போனதும் தெரிந்தது. அந்தப் பாறையே கடலை மிட்டாய் மாதிரி இருக்கிறது. வெல்லப் பாகில் வேர்க்கடலை பதித்த மாதிரி, கெட்டி மண்ணில் உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. ஆதி மனிதர் கருவி செய்தது இந்தக் கற்களைத்தான்.

முதல் குகை வாயில் சின்னதாக ஓர் அம்மன். மஞ்சளும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஆடியில் ஊரார் வந்து பொங்கல் வைப்பார்களாம். இன்னும் உள்ளே காட்டில் நடந்தால் பெரிய குகை. குகை என்றால் இருட்டுச் சுரங்கம் என்று நினைத்துக்கொண்டு டார்ச் லைட் கொண்டு போயிருந்தேன். அப்படி இல்லை. மலை வாயைப் பிளந்தது போல அகலமான திறப்பு, தலைக்கு மேலே மிக உயரத்தில் பாறை விதானம், நல்ல வெளிச்சம். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே கால் வைத்ததும் பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி.

விதானத்தில் பெரிய பெரிய தேனடைகள் தொங்கின. வழிகாட்டிப் பிள்ளை வாயில் விரல் வைத்தான். சத்தம் போடக்கூடாது, புகை கூடாது, கல் எறியக்கூடாது. சென்ட் பூசிக்கொண்டு வந்தால் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தான். மலைத்தேனீ துரத்தினால் ஓட இடமில்லை. சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். தனியாகப் போவதும் கூடாது. உள்ளூர்த் துணை வேண்டும். வனத்துறையின் அனுமதி பற்றியும் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆண்கள் குகையைப் பார்த்தால் எவ்வளவு உயரம், எத்தனை அடி என்பார்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அடுப்பு எங்கே போட்டிருப்பாள்? வாய்ப்பக்கம் போட்டால் காற்று அணைக்கும். உள்ளே தள்ளிப் போட்டால் புகை சூழும். குழந்தையை எங்கே கிடத்தியிருப்பாள்? அந்தச் சரிந்த மூலையில் என்றால் தேள், பூரான் வராதா? ராத்திரி சிறுத்தை வந்தால்? இப்படி வீடு பார்க்க வந்தவள் மாதிரி ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே கிடந்த ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். என் பெண் அப்போதுதான் மாத்தேராவின் இன்னொரு பக்கத்தைத் தணிந்த குரலில் சொன்னாள். படத்தில் அழகாக இருந்த அந்த வீடுகளில் ஜனங்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா? ஒரே அறை. அதில் ஏழெட்டுக் குழந்தைகள், கோவேறு கழுதை, கோழி எல்லாம் ஒன்றாக. உள்ளே காற்றோட்டம் இல்லை, சுவரெல்லாம் ஓதம். மலேரியா வேறு. பிறக்கிற குழந்தைகளில் ஏராளமானவை தங்காமலே போயின. கார்லோ லெவி என்ற எழுத்தாளர் 1945-ல் வந்த புத்தகத்தில் அதை எழுதிய பிறகுதான் நாடே வெட்கப்பட்டதாம். 1950-ல் அந்த நாட்டுப் பிரதமர் நேரில் போய்ப் பார்த்தார். 1952-ல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரைக் குகைகளிலிருந்து புது வீடுகளுக்கு மாற்றினார்கள். காலியாகக் கிடந்த குகைகளை 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. இப்போது அதே குகைகளில் ஓட்டல்கள். "நாங்க ஒரு ராத்திரி அதுல தங்கினோம்மா. குழந்தை தொட்டிலைப் போட்டுட்டு, இதே இடத்துல எத்தனை பேர் பிள்ளையைப் பறிகொடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன். தூக்கமே வரலை" என்றாள். இதை அவள் போனில் சொல்லவே இல்லை. படம் மட்டும்தான் அனுப்பினாள்.

கல்லில் குடைந்த வீடே கெடுதல் என்று சொல்வதற்கில்லை. ஸ்பெயின் தேசத்தில் குவாடிக்ஸ் என்ற ஊரில் இன்றும் குகை வீடுகளில் குடும்பம் நடத்துகிறார்களாம். மண்மேட்டிலிருந்து வெள்ளைப் புகைபோக்கிகள் மட்டும் எட்டிப் பார்க்கும். வெயிலுக்குக் குளிர்ச்சி, பனிக்குக் கதகதப்பு. காற்றும் வெளிச்சமும் வர வழி செய்து, ஆடு மாட்டுக்கு வேறு இடம் ஒதுக்கினால் சுகவாசம்தான் போலிருக்கிறது.

கிளம்பும்போது ஒரு கூழாங்கல்லை ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளக் குனிந்தேன். பெண் தடுத்தாள். எது வெறும் கல், எது ஆதி மனிதன் செதுக்கிய கல் என்று நமக்குத் தெரியாது; கிடந்த இடத்தில் கிடந்தால்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பயன். சரி என்று விட்டுவிட்டேன். சுவரில் பெயர் கிறுக்கி வைத்திருக்கிற புண்ணியவான்களுக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம்.

நடக்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். எங்கள் பக்கத்தில் பார்க்க இன்னும் இருக்கிறது. சோளிங்கர் நரசிம்மர் மலைக்கு 1,305 படி. 2024 முதல் ரோப் கார் வந்துவிட்டது. மகேந்திரவாடியில் படியே இல்லை. சமதரையில் நிற்கும் ஒற்றைப் பாறையை மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் விஷ்ணு கோயிலாகக் குடைந்திருக்கிறான். வள்ளிமலையில் சமண முனிவர்கள் தங்கிய குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உண்டு.

ஊர் திரும்பியபோது மணி மூன்று. பேரன் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை மலையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். "பார்த்திங்களா? இன்னும் இருக்குதா?" என்றார், என்னமோ மலை எங்காவது போய்விடும் போல.

என் கணவர் தாம் படித்ததை எடுத்துச் சொன்னார். குகையில் கிடைத்த கருவிகள் குறைவு. ஆகையால் ஆதி மனிதர்கள் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை, வந்து வந்து தங்கிப் போயிருக்கிறார்கள் என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து. ஆற்றங்கரையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில்தான் கருவிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. "ஏன் இவ்வளவு பெரிய குகையை விட்டுவிட்டு வெட்டவெளியில் இருந்தார்கள்?" என்று அவருக்கு ஆச்சரியம்.

"இதுக்குப் படிக்கணுமா?" என்றார் அத்தை. "மேல தண்ணி ஏது? மழை நாள்ல ரெண்டு நாளு இருக்கலாம். அடுத்த நாளு குடத்தை எடுத்துக்கினு யாரு இறங்கி ஏறுறது? ஆம்பளையா தூக்குவான்?"

என் பெண் கைதட்டிவிட்டாள். மாத்தேராவில் ஒவ்வொரு குகை வீட்டுக்கும் அடியில் தொட்டி குடைந்து, மழைத் தண்ணீர் ஒரு பொட்டு வீணாகாமல் வாய்க்கால் வழியாக அதில் இறங்கும்படி செய்திருக்கிறார்களாம். ஊர்ச் சதுக்கத்துக்கு அடியில் கோயில் மாதிரி ஒரு பெரிய தொட்டியே இருக்கிறதாம். தண்ணீர் கீழே இருந்ததால்தான் மேலே ஊர் நின்றது. எங்கள் திருத்தணியிலும் அப்படித்தானே? சாமி மேலே இருக்கிறார். சரவணப் பொய்கை அடிவாரத்தில் இருக்கிறது. ஜனங்கள் பொய்கைப் பக்கம்தான் வீடு கட்டியிருக்கிறார்கள்.

காரில் ஏறினதும் பெண் போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேனடையைப் பார்த்து, "அப்பவே இருந்துச்சு" என்றார். ஒரு படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இதா, இந்தத் தட்டைக் கல்லு. இன்னும் அங்கதான் கிடக்குதா?"

"அது மேலதான் ஆயா உட்கார்ந்து சாப்பிட்டோம்!" என்றாள் என் பெண்.

"நானும் எங்க அண்ணனும் அது மேலதான் கூழ் குடிப்போம்" என்றார் அத்தை. திருவள்ளூர் வரும்வரை போனை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.